9 மாத ஊசி தள்ளிப்போய்விட்டது, பக்கத்துத் தெருவில் மணல்வாரி (தட்டம்மை). இப்போது போடலாமா?

திங்கள்சந்தை அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பத்தரை மாதம் ஆகிறது. ஒன்பது மாத ஊசி இன்னும் போடவில்லை. ஊசி போடுகிற முதல் புதன்கிழமை பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சளியோடு ஊசி வேண்டாம் என்று மாமி சொன்னார்கள், சரி என்று விட்டேன். அடுத்த வாரம் கொழுந்தனார் கல்யாணம். அப்புறம் அருமனையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டோம், தடுப்பூசி அட்டை இங்கே அலமாரியில் கிடந்தது. இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது. மூத்தவனுக்கு நாலு வயது. அவனுக்கு ஒன்பது மாதத்தில் போட்டது அட்டையில் இருக்கிறது, பதினாறு மாதத்துக்கு உரிய கட்டம் காலியாக இருக்கிறது. அப்போது நாங்கள் மஸ்கட்டில் இருந்தோம். அங்கே போட்டோமா இல்லையா என்று எனக்கும் நினைவில்லை, என் வீட்டுக்காரருக்கும் நினைவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் எங்கள் முற்றத்தில் சாயங்காலம் வரை மூத்தவனோடு விளையாடினான், மகளும் அங்கேயேதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். இன்று காலையில் பார்த்தால் அவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருக்கிறது. கண் சிவந்து, காய்ச்சலும் இருமலுமாக இருந்தானாம், இன்று காதுக்குப் பின்னாலிருந்து முகம் முழுக்க மணல் தூவினதுபோல் தடித்துவிட்டதாம். மணல்வாரி என்கிறார்கள். எங்கள் அம்மா வீட்டுப் பக்கம் இதையே அஞ்சாம்பனி என்பார்கள்.

அம்மை வந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்தக் கூடாது, முத்தாரம்மன் கோயிலில் மஞ்சள் முடிந்து வைத்திருக்கிறேன் என்கிறார்கள் மாமி. வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து, மழைக்காலம் முடியட்டும், அப்புறம் போடலாம் என்கிறார். குடும்பக் குழுவில் வேறு யாரோ இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மூத்தவனுக்குப் போன ஆடியில் வந்த காய்ச்சல் எட்டு நாள் விடவில்லை. இந்த வருடம் மழைக்கு முன்பே இரண்டு பிள்ளைகளுக்கும் ஃப்ளூ ஊசி போடுங்கள் என்று டாக்டர் சொன்னார், விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்காரர் அட்டையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, இன்ஃப்ளூயன்ஸா என்று ஏற்கெனவே மூன்று தடவை போட்டிருக்கிறதே, மறுபடி எதற்கு என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்குளம் சிஸ்டர் எழுதியது:

மக்களே, மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். நாளைக் காலை எழுந்தவுடன் உங்கள் ஊர் கிராம செவிலியருக்குப் போன் போடுங்கள். பத்தரை மாதப் பிள்ளைக்கு இன்னும் எம்ஆர் (மணல்வாரி, ரூபெல்லா ஊசி) போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மணல்வாரிப் பிள்ளையோடு இருந்தாள், நாலு வயதுக்காரனுக்கு இரண்டாவது டோஸ் இல்லை, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

புதன்கிழமை வரட்டும் என்று இருக்காதீர்கள். நோய் உள்ள பிள்ளையோடு பழகி 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாகக் கடந்துபோகலாம். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து எண்ணினால் புதன் சாயங்காலம் வரைதான் அந்த நேரம். அதுவும் உறுதி இல்லை, ஏனென்றால் தடிப்பு வெளியே தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே மணல்வாரி பரவும். அந்தப் பையன் வெள்ளி, சனியிலும் உங்கள் முற்றத்துக்கு வந்திருந்தால் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன் அன்றுதான் என்று சொன்னால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாளைக்கே போட முடியுமா என்று கேளுங்கள், இல்லை என்றால் தனியார் குழந்தை டாக்டரிடம் எம்எம்ஆர் (அதோடு பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்த ஊசி) எந்த நாளும் போடலாம். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் போடத்தான் வேண்டும். இந்தத் தடவை தொற்றாமல் தப்பியிருந்தால் அடுத்த தடவைக்கு அது வேண்டுமே.

ஒன்பது மாதம் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பல பேருக்கு நாங்கள் சரியாக எடுத்துச் சொன்னதில்லை, அது எங்கள் பக்கத்துக் குறைதான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு பிள்ளைக்கு வந்துவிடும். அது உடம்பில் இருக்கும் வரை நாம் போடுகிற ஊசி மருந்தையும் அது அழித்துவிடும், அதனால் சீக்கிரம் போட்டால் சரியாகப் பிடிக்காது. மாதம் ஆக ஆக அது வடிந்துபோகும். வடிந்த பிறகு பிள்ளைக்குத் தாயுடையதும் இல்லை, தன்னுடையதும் இல்லை. நீங்கள் தள்ளிப்போட்ட இந்த ஆறு வாரமும் உங்கள் மகள் அப்படித்தான் இருக்கிறாள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, நாளைக்கே போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சளி, மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. கடும் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை, முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளை, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை என்றால்தான் டாக்டரைக் கேட்டு முடிவு பண்ண வேண்டும்.

மூத்தவனுக்கு அட்டையில் கட்டம் காலி என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டில் போட்டிருந்து இப்போது இன்னொன்று போட்டாலும் ஒரு கெடுதலும் இல்லை. ஐந்து வயது வரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், அவன் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான். இரண்டாவது டோஸ் என்பது சும்மா பலத்துக்குப் போடுவது என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒன்பது மாதத்தில் போடும்போது நூறு பிள்ளைகளில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பேருக்கு ஊசி போட்டும் பாதுகாப்பு இல்லை, யாருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தால் தெரியவும் தெரியாது. இரண்டும் போட்டால் 97 பேர் வரை பாதுகாப்பு. என் 31 வருட சர்வீஸில் முதல் டோஸுக்குத் தேடி வந்த தாய்மார்களில் எத்தனையோ பேர் பதினாறாம் மாதம் வரவில்லை. பிள்ளை ஓட ஆரம்பித்துவிடுகிறது, தாய் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள், அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது.

போகும்போது மகளுக்கு அன்றே மற்றதையும் போட்டுவிடுவார்கள், பயப்படாதீர்கள். எம்ஆர், நிமோனியா ஊசியின் கடைசி டோஸ், போலியோ ஊசி, வாயில் விட்டமின் ஏ திரவம். ஒரே நாளில் இத்தனையா என்று கேட்பார்கள், ஒரே நாளில் போடலாம் என்று பார்த்துத்தான் அட்டவணை போட்டிருக்கிறார்கள். எம்ஆர் போட்டபின் ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும், கொஞ்சம் தடிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

மாமியிடம் ஒன்று சொல்லுங்கள். வேப்பிலை கட்டிய எத்தனையோ வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். முத்தாரம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பேரனுக்கே நான்தான் போட்டேன், பூசாரிதான் பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் முடிந்தது அப்படியே இருக்கட்டும், ஊசியும் போடட்டும்.

அந்தப் பையன் வீட்டையும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். வந்து ரத்தம் எடுத்து மணல்வாரிதானா என்று பார்ப்பார்கள், அவனுக்கு விட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பார்கள், சுற்றுவட்டாரத்தில் விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் போடுவார்கள். தடிப்பு வந்து நாலு நாள் வரை அவன் வீட்டோடு இருக்கட்டும்.


கடற்கரைக்காரன் எழுதியது:

சிஸ்டர் எழுதியதற்கு மேல் எனக்கு மருத்துவம் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகன் 2017 மார்ச்சில் பிறந்தான். அவனுக்கு ஒன்பது மாதம் ஆகிற நேரத்தில்தான் ஒக்கி புயல் அடித்தது, நவம்பர் 30. மேற்குக் கடற்கரையில் அந்த டிசம்பர் மாதம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் பெரியப்பா மகன் போன வள்ளம் திரும்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போட்டோ, ஒரு மெழுகுவர்த்தி. அந்த நேரத்தில் யார் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள்? எடுத்துப் பார்க்காததைத் தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் ஜனவரி வந்தது, ஈஸ்டர் வந்தது, ஜூன் 1 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு மாதம் நான் வீட்டில்தான் சும்மா இருந்தேன். அப்போதாவது போயிருக்கலாம். மாதம் தப்பிவிட்டது, இனிமேல் போட முடியாது போலிருக்கிறது, போனால் செவிலியம்மா திட்டுவார்கள் என்று நானும் என் மனைவியும் நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். யாரிடமும் கேட்கவில்லை. அந்த வெட்கத்திலேயே ஒன்றரை வருடம் போய்விட்டது.

2019-ல் அவனுக்கு மணல்வாரி வந்தது. முதலில் காட்டிய ஒரு கிளினிக்கில் ஒவ்வாமை என்று சொல்லி மருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள். தடிப்பு அடங்கிக்கொண்டு வந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நாலாவது ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே உள்ளே போய்வந்தது, மூக்குத் துவாரம் விரிந்தது. நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அதில் மூன்று நாள் ஆக்சிஜனில். பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய் ஒருத்தி தன் பிள்ளைக்கு எட்டு மாதம்தான் ஆகிறது, எங்கள் பிள்ளையிடமிருந்து தொற்றிவிடுமா என்று டாக்டரைக் கேட்டதை நான் காதால் கேட்டேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், பிள்ளை அந்த அறையை விட்டுப் போன பிறகும் அங்கே இருக்குமாம். கர்த்தர் கிருபையால் அந்தப் பிள்ளைக்கு வரவில்லை.

மகன் பிழைத்தான். ஆனால் ஒரு காதில் சீழ் வந்து, அது ஆற வருடக்கணக்கில் ஆனது, இன்றைக்கும் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டான். அதற்கடுத்த ஒரு வருடம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி என்று மாறி மாறி எல்லாம் வந்தது.

தங்கச்சி, உங்களுக்கு ஆறு வாரம்தான் போயிருக்கிறது. தாமதமாகி வந்ததற்காக எங்கள் செவிலியம்மா கடைசியில் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, வந்தாயே மக்களே என்று மட்டும் சொன்னார்கள். போங்கள்.


ரப்பர்தோட்டம் எழுதியது:

நான் தடுப்பூசிக்கு எதிரானவன் இல்லை, மகளுக்கு எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனாலும் மனதில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் சின்ன வயதில் அஞ்சாம்பனி வந்தது, ஒரே பாயில் கிடந்து எழுந்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் வராது என்பார்கள். அப்படியானால் இயற்கையாக வருவது நல்லதுதானே? அப்புறம் 2017-ல் இந்த எம்ஆர் ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது பெரிய பயம் கிளம்பியதே, நெருப்பில்லாமல் புகையுமா என்று அப்போது தோன்றியது. ஏற்கெனவே போட்ட பிள்ளைகளுக்கும் மறுபடி எதற்குப் போட்டார்கள் என்பதற்கு எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.


நாஞ்சில் டீச்சர் எழுதியது:

ரப்பர்தோட்டம் அண்ணா, நல்ல கேள்வி, இதை வெளியே கேட்காமல் மனதிலேயே வைத்திருக்கிறவர்கள்தான் நிறையப் பேர். 2017 பிப்ரவரியில் நான் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை, அதனால் அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது.

தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு, இந்த ஐந்து இடங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும், முன்பு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். காரணம், சிஸ்டர் சொன்ன அதே கணக்குதான். போட்டும் பிடிக்காத பிள்ளைகள் வகுப்புக்குச் சில பேர் இருப்பார்கள், யார் என்று தெரியாது, அதனால் எல்லாருக்கும் ஒரு சேர. அதோடு ரூபெல்லாவும் அப்போதுதான் நம் அரசு ஊசியில் சேர்ந்தது. ரூபெல்லா பிள்ளைகளுக்குச் சும்மா லேசான காய்ச்சல்தான், ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் பிறக்கிற பிள்ளைக்குக் கண்புரை, இதயத்தில் ஓட்டை, காது கேளாமை வரலாம். என் வகுப்பில் இருந்த பதினோரு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அது நாளைக்கு வேண்டிய ஊசி.

இந்த விளக்கத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு முன்பே வாட்ஸ்அப் ஆடியோக்கள் வீட்டுக்குப் போய்விட்டன. ஊசி போட்ட அன்று மதியத்துக்கு மேல் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வரவில்லை. அடுத்த ஒரு மாதம் வீடு வீடாகப் போனோம்.

ஆட்டிசம் கதைக்கு வேர் 1998-ல் லண்டனில் வந்த ஒரு கட்டுரை, ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதியது, மொத்தம் 12 பிள்ளைகளை வைத்து. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது, அவருடைய டாக்டர் பதிவையும் ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2019-ல் முடிவு சொன்னார்கள், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிற வயதும் இந்த ஊசி போடுகிற வயதும் ஒன்றாக வருவதால் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததுபோல் தோன்றுகிறது.

இயற்கையாக வருவது நல்லது என்பதைப் பற்றி. எங்கள் ஆச்சியிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் "பெற்றது ஒன்பது, நின்றது ஆறு" என்பார்கள். அந்த மூன்றில் ஒன்று மணல்வாரி வந்து, இறங்கி, அதன்பின் வந்த இருமலில் போனது. ஊரில் அதை மணல்வாரி என்று யாரும் கணக்கில் வைக்கவில்லை, இருமலில் போனது என்றார்கள். கடற்கரைக்காரன் அண்ணன் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது, தடிப்பு அடங்கின பிறகுதானே மூச்சு வாங்கியது. ஒருமுறை வந்தால் மறுபடி மணல்வாரி வராது என்பது உண்மை. ஆனால் மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புச் சக்தியை அது அழித்துவிட்டுப் போகிறது. 2019-ல் வந்த ஆய்வில், மணல்வாரி வந்துபோன பிள்ளைகளின் ரத்தத்தில் பழைய எதிர்ப்புப் புரதங்கள் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அவர் மகனுக்கு ஒரு வருடம் மாறி மாறி நோய் வந்தது என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் வரும். அபூர்வமாக, ஏழெட்டு வருடம் கழித்து மூளையைச் சிதைக்கிற ஒரு வியாதியும் வரும், அதற்கு மருந்து இல்லை, அதுவும் பெரும்பாலும் ரொம்பச் சின்ன வயதிலேயே மணல்வாரி வந்த பிள்ளைகளுக்குத்தான்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டீர்கள், சமோவா என்ற தீவு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 2018-ல் நெருப்பே இருந்தது. இரண்டு கைக்குழந்தைகள் ஊசி போட்டதும் இறந்தன. ஊசி மருந்தைக் கரைக்க வேண்டிய தண்ணீருக்குப் பதில் தசையைத் தளரவைக்கும் மருந்தைத் தவறாகக் கலந்துவிட்டார்கள் செவிலியர்கள். தடுப்பு மருந்தில் பிழை இல்லை, கலந்ததில் பிழை. ஆனால் மக்கள் பயந்துவிட்டார்கள், ஊசித் திட்டமும் பல மாதம் நின்றது. 2019 கடைசியில் மணல்வாரி அந்தத் தீவுக்குள் வந்தது. மொத்த ஜனத்தொகையே சுமார் 2 லட்சம், அதில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள், செவிலியர்கள் துணியைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்குள் போய்ப் போட்டார்கள். நம் குமரி மாவட்டத்தில் அதைவிடப் பல மடங்கு ஜனம் இருக்கிறது.

மஸ்கட்டில் இருக்கிற தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.


மருந்துக்கடை அண்ணன் எழுதியது:

ஃப்ளூ கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். குழந்தை டாக்டர் ஒருவரின் கிளினிக்கை ஒட்டி இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த குழப்பம் மாதம் பத்துப் பேருக்கு வருகிறது.

அட்டையில் ஆறு, பத்து, பதினாலாவது வாரத்தில் இருப்பது பெண்டாவேலன்ட். அதற்குள் ஐந்து நோய்க்கான மருந்து இருக்கிறது, அதில் ஒன்று ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி. பெயரில்தான் இன்ஃப்ளூயன்ஸா இருக்கிறது, அது ஒரு பாக்டீரியா, மூளைக் காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும். 1892-ல் ஃபைஃபர் என்ற ஜெர்மன் டாக்டர் ஃப்ளூ நோயாளிகளிடம் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று நினைத்துவிட்டார், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையான ஃப்ளூ ஒரு வைரஸ். அதற்கான ஊசி அரசு அட்டவணையில் இல்லை, அதனால்தான் தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணையில் 6 மாதம் முதல் 5 வயது வரை வருடம் ஒரு தடவை என்று இருக்கிறது. முதல் தடவை போடும்போது மட்டும் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். வருடா வருடம் எதற்கு என்றால், அந்த வைரஸ் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி அடுத்த பருவத்துக்கு எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும், கம்பெனிகள் அதன்படி புது ஊசி செய்யும். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு உதவாது.

மழை முடியட்டும் என்பது இந்த ஊசிக்குத் தலைகீழ். நம் ஊரில் ஃப்ளூ மழையோடுதான் வரும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று, இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. பள்ளி திறப்பதும் இடவப்பாதியும் ஜூனில் ஒன்றாக வருகிறது, ஜன்னல் சாத்திய வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஊசி போட்டுப் பலன் வர இரண்டு வாரம் ஆகும். அதனால் ஏப்ரல், மே மாதமே போட்டுவிடுவது நல்லது. தவறினால் இப்போதாவது போடுங்கள், ஐப்பசி இன்னும் இருக்கிறது.

இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மணல்வாரி ஊசி மாதிரி இது 97 எல்லாம் தராது. வகை நன்றாகப் பொருந்துகிற வருடத்தில் 40 முதல் 60 சதவீதம். போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் வரலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போவது குறையும். ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவந்துவிடாது, அதில் இருப்பது செத்த வைரஸ். எங்கள் பக்கத்தில் ஒரு டோஸுக்கு 1500 ரூபாய்க்கு மேல் ஆகிறது, இரண்டு பிள்ளைக்கு இரண்டு டோஸ் என்றால் பெரிய தொகைதான், எல்லா வீட்டிலும் முடியாது. கையில் காசு குறைவு என்றால் என் கருத்து இது: மணல்வாரி ஊசி இலவசம், அதை ஒரு நாள் தாமதிக்காதீர்கள். ஃப்ளூவுக்கு முதலில் சின்னவளுக்குப் போடுங்கள், இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். மூத்தவனுக்கு இளைப்பு, வீசிங் இருந்தால் அவனுக்கும் சேர்த்து டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.


திங்கள்சந்தை அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே செவிலியருக்குப் போன் பண்ணினேன். டாக்டரிடம் பேசிவிட்டு, உடனே இரண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கள் என்று பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த எம்ஆர் பாட்டிலைத் திறந்து கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டுமாம், அதனால் எங்கள் தெருவில் விடுபட்ட வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிவரச் சொன்னார்கள். இருந்தது. ஒரு வீட்டில் பதினெட்டு மாதம், இன்னொரு வீட்டில் மூன்று வயது. எல்லாருமாக ஒரே ஆட்டோவில் போனோம்.

மாமிக்கு சிஸ்டர் எழுதிய பூசாரிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள், ஊசி போடும்போது மகளைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள்தான். அந்தப் பையன் வீட்டுக்கும் செவிலியர் போய்ப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்திருக்கிறார்கள், விட்டமின் ஏ கொடுத்தார்கள். அவன் அம்மா என்மேல் கோபப்படவில்லை. எனக்கும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் போட்டிருப்பேனே என்று மட்டும் சொன்னாள்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். மகளுக்குத் தாமதமாகப் போட்டதால் பதினாறு மாத ஊசியும் தள்ளிப்போகுமா? ஃப்ளூ ஊசிக்கு எம்ஆருக்குப் பிறகு இடைவெளி விட வேண்டுமா?


கல்குளம் சிஸ்டர் எழுதியது:

நல்லது மக்களே. பதினாறு மாதம் தள்ளாது, பிறந்த தேதியிலிருந்து எண்ணி அதே மாதத்தில் போடுங்கள். இரண்டு எம்ஆருக்கும் நடுவில் நாலு வாரம் இருந்தால் போதும், உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஃப்ளூ ஊசிக்கு இடைவெளி தேவையில்லை, அன்றைக்கே வேறு கையிலோ தொடையிலோ போட்டிருக்கலாம், இந்த வாரமே போகலாம்.

வெள்ளி, சனியில் தொற்றியிருந்தால் ஊசி முந்தாமலும் போயிருக்கலாம். அதனால் இன்னும் மூன்று வாரம் இரண்டு பிள்ளைகளையும் கவனமாகப் பாருங்கள். காய்ச்சலோடு கண் சிவப்பு, இருமல் என்று தொடங்கினால் போன் பண்ணிவிட்டுப் போங்கள், நேராக மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போய்விடாதீர்கள். மூச்சு வாங்கினால் ராத்திரி என்று பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அட்டையை அலமாரிக்குள் வைக்காமல் காலண்டர் ஆணியில் தொங்கவிடுங்கள்.


திங்கள்சந்தை அம்மா எழுதியது:

தொங்கவிட்டுவிட்டேன் சிஸ்டர். மகளுக்கு எட்டாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது, செவிலியர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டு நாளில் விட்டுவிட்டது, இருமலும் இல்லை, கண்ணும் சிவக்கவில்லை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. மூத்தவனுக்கும் ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு ஃப்ளூ முதல் டோஸ் போட்டாயிற்று, மூத்தவனுக்கு அடுத்த மாதம் அவர் பணம் அனுப்பியதும்.